மிஷினுக்கு ரசீது வாங்கப் போனேன்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காலை ரயில்ல திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போகணும், என் தையல் மிஷினுக்கு ரசீது வாங்கணும், சாயங்காலம் அமீன் வர்றதுக்குள்ள வீடு திரும்பணும்.

அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூட செஞ்சுட்டு வந்துடும். நான்தான் போனேன்.

அமீன் எதுக்கு வர்றாருன்னு முதல்ல சொல்லிடறேன்.

முந்தின நாள் எங்க வீட்டு வாசல்ல ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ஒருத்தர் கோர்ட் அமீன். கையில காகிதக் கட்டு, முகத்துல தூக்கக் கலக்கம். இன்னொருத்தங்க நாயகம்மா. பெருமுக்கல்ல வட்டிக்குப் பணம் குடுக்கறவங்க. எங்க வீட்டுக்காரர் சாமுவேல் அவங்ககிட்ட எழுபது ரூபா கடன் வாங்கி, கட்டாம விட்டு, அது கோர்ட் வரைக்கும் போய், வீட்டுச் சாமானை ஜப்தி பண்ண ஆர்டரும் ஆயிட்டுது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒண்ணேகால் வருஷம். இதைப்பத்தி மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடல.

எப்ப வாங்கினது, எதுக்கு வாங்கினதுன்னு கேட்டேன். அவர் மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, எடை போடற குமாஸ்தா. தராசு முள்ளைப் பார்க்கற மாதிரியே தரையைப் பார்த்துக்கினு நின்னாரு. நாயகம்மாதான் பதில் சொன்னாங்க.

"உன்னப் பாக்க வர்றதுக்குத்தாம்மா வாங்கினான். சைக்கிளு, கோட்டு, கைக்கடியாரம். பொண்ணு வூட்டாரு ரயில்வே ஆளுங்க, கௌரவமாப் போவணும்னு வந்து நின்னான். நல்ல காரியமாச்சேன்னு நானும் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்துது. அதுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமும் வந்துது. நமக்காக ஒருத்தர் கடன் வாங்கியிருக்காருன்னா சும்மாவா? அந்த சந்தோஷத்தை வெளியில காட்டிக்கல.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த சைக்கிளைப் பார்த்துதான் நான் சரின்னே சொன்னேன். விழுப்புரத்துல எங்க தெருவுக்குள்ள மணி அடிச்சுக்கினே வந்தாரு. நான் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சைக்கிளோட மூஞ்சிதான் முதல்ல தெரிஞ்சுது. அவர் மூஞ்சியை அப்புறமாத்தான் பார்த்தேன்.

அந்த சைக்கிள் இப்ப எங்க கொல்லையில இருக்கு. செஞ்சி ரோட்டுல மாட்டு வண்டியில மோதி, முன் சக்கரம் எட்டா மடங்கிடுச்சு. எங்க கோழி அதுக்கு அடியிலதான் முட்டை வைக்கும். கோட்டை நானே வெட்டி ரெண்டு பை தைச்சுட்டேன். கடியாரம் கல்யாணத்துக்கு மறுநாளே பத்தரை மணியில நின்னுபோச்சு.

அமீன் கொல்லைக்குப் போய் சைக்கிளைப் பார்த்தாரு. கோழி அவரைப் பார்த்துது. எதுவும் எழுதாம திரும்பி வந்துட்டாரு.

வந்தவர் கண்ணுல என் மிஷின் பட்டுது.

அது சாதாரண மிஷின் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி விழுப்புரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன். அந்தச் சம்பளத்துல மாசம் மூணு ரூபா தவணை கட்டி வாங்கினது. கால் மிஷின். தினம் எண்ணெய் போட்டு, துணி மூடி, தூசு படாம வச்சிருப்பேன். அதுல தைக்கற காசுலதான் எங்க வீட்டுல அரிசி வாங்கறது. அதை ஒருத்தன் தூக்கிக்கினு போறான்னா என் கையைத் தூக்கிக்கினு போற மாதிரி.

அமீன் பென்சிலை எடுத்ததும் நான் வாசலுக்கே வந்துட்டேன். தெரு முழுக்கக் கேக்கற மாதிரி பேசினேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவரு வாங்கின கடனுக்கு நான் எப்டிங்க பொறுப்பு? அவரு கடன் அவருது. என் மிஷினு என்னுது."

பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சரிதானேன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் சரிதானேன்னு தலையாட்டினாரு. நான் ஒரு முறை முறைச்சதும் ஆட்டறதை நிறுத்திக்கினாரு.

அமீன் சண்டைக்கு வரல. மிஷின் எனக்குச் சொந்தம்னா அதைத் தொட மாட்டேன், ஆனா ரசீதைக் காட்டணும், நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம்னு சொல்லிட்டு, எங்க வீட்டுத் தண்ணியையே ரெண்டு சொம்பு குடிச்சுட்டுப் போனாரு.

ரசீது விழுப்புரத்துல, மிஷின் வித்த காதர் பாய் கடையில இருக்கு. கல்யாணம் நிச்சயமானப்ப இன்னும் அஞ்சு தவணை பாக்கி. எங்கப்பா, மீதியை நான் கட்டிடறேன், ரசீது பாய் கடையிலயே இருக்கட்டும், நீ கவலைப்படாதேன்னு சொன்னாரு. சொன்னவரு கல்யாணத்தன்னிக்கு அந்த மிஷினுக்கு மல்லிப்பூ மாலை போட்டு, கோயில் வாசல்ல எல்லாருக்கும் முன்னாடி வச்சு, இது என் பொண்ணுக்கு நான் செய்யற சீர்னு சொல்லிக்கினாரு. மாப்பிள்ளை வீட்டாரு வாயைப் பொளந்துக்கினு பார்த்தாங்க. என் சம்பளத்துல வாங்கினதுன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. சீர்னா பெருமைதானேன்னு நானும் நின்னு இளிச்சேன்.

அதனால ரசீது ரெடியா இருக்கும், போனதும் வாங்கிக்கினு வந்துடலாம்னு கிளம்பினேன்.

ரயில்ல பொம்பளைங்க பெட்டியில கூட்டம். எனக்குப் பக்கத்துல ஒரு கருவாட்டுக் கூடைக்காரம்மா. விழுப்புரம் சந்தைக்குப் போறாங்க. எங்க போறேன்னு கேட்டாங்க. கேட்டதுதான் அவங்க செஞ்ச தப்பு. அமீன், ஜப்தி, முன் கடன், பின் கடன்னு எல்லாத்தையும் எடுத்து விட்டேன். புருஷன் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கடனுக்குப் பொண்டாட்டி தலை குடுக்க வேண்டியதில்லன்னு ஹைகோர்ட் வக்கீல் மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பெட்டியே காது குடுத்துக் கேட்டுது. ஒரு அம்மா தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டி, இதுவும் எங்கம்மா போட்டது, இதை அந்த ஆள் கடனுக்குக் குடுக்கணுமான்னு கேட்டாங்க. குடுக்கவே குடுக்காதீங்கன்னு தீர்ப்பே சொல்லிட்டேன்.

விழுப்புரத்துல இறங்கறப்ப கூடைக்காரம்மா எனக்கு ஒரு கை கருவாடு மடிச்சுக் குடுத்தாங்க. ஃபீஸ்!

காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். விழுப்புரத்துல கடை வச்சு, சுத்துப்பட்டுக்கெல்லாம் தவணைக்கு மிஷின் குடுப்பாரு. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாரு.

"எஸ்தரு புள்ளயா? கொழும்புல இருந்து எப்ப வந்த?"

நான் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் போனதே இல்லன்னேன்.

"உங்கப்பாருதான் சொன்னாரு. மாப்ளைக்குக் கொழும்புல பெரிய உத்தியோகம், பொண்ணையும் மிஷினையும் கப்பல்ல இட்டுக்கினு பூட்டாருன்னு. கப்பல்ல போன மிஷினுக்கு நான் எங்க போயி வசூல் பண்றது? ஒரு வருஷமா இதே பேஜாரு."

நோட்டை எடுத்துப் பிரிச்சாரு. என் கல்யாணம் நிச்சயமான மாசம் வரைக்கும் வரிசையா என் கையெழுத்து. அதுக்கப்புறம் வெள்ளைத் தாள். அஞ்சு தவணை, பதினஞ்சு ரூபா, அப்படியே நிக்குது.

கருவாட்டுப் பொட்டலத்தை அவர் மேஜை மேல வச்சுட்டு, இதோ வர்றேன் பாய்னு எங்கப்பாவைத் தேடி ஓடினேன்.

எங்கப்பா ரயில்வே கேட் கீப்பர். கேட்டை மூடிட்டு கையில பச்சைக் கொடியோட நின்னுக்கினு இருந்தாரு. தவணை ஏன் கட்டலன்னு கேட்டேன். வண்டி வருதுன்னாரு. கூட்ஸ் வண்டி. அது ஆடி அசைஞ்சு முழுசாப் போற வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டிக்கினு கொடியைப் பிடிச்சாரு. வண்டி போனதும் மறுபடி கேட்டேன். கேட்டைத் திறக்கணும்னாரு. திறந்தாரு. அந்தப் பக்கம் நின்ன மாட்டு வண்டி, இந்தப் பக்கம் நின்ன ஜட்கா, ஒரு எருமை, எல்லாத்தையும் பேர் சொல்லாத குறையா விசாரிச்சு அனுப்பினாரு. மூணாவது தடவை நான் கேட்டுக்கு நடுவுலயே நின்னுட்டேன்.

அப்பதான் வாயைத் திறந்தாரு.

"பொண்ணே அந்த வூட்டுக்குப் பூட்டா, பொண்ணோட கடன் மட்டும் இங்கியே குந்திக்கினு இருக்குமா? கல்யாணம் ஆனா அது மாப்ள பாத்துக்க வேண்டியது."

நான் தெருவுல நின்னு ஒரு சட்டம் பேசினேன். எங்கப்பா தண்டவாளத்துல நின்னு இன்னொரு சட்டம் பேசறாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. கல்யாணத்துக்கே அங்க இங்க புரட்டினது, அதுக்கப்புறம் கையில எதுவும் நிக்கலன்னு அவரும் கண்ணைத் துடைச்சுக்கினாரு. பாய்க்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமதான் கொழும்பு வாயில வந்துதாம். ரெங்கூன்னு சொல்லலாம்னுதான் முதல்ல நினைச்சாராம், கொழும்பு கொஞ்சம் கிட்டன்னு மாத்திக்கினாராம். சட்டைப் பையைத் துழாவி எனக்கு நாலணா குடுத்தாரு.

நாலணாவோட பாய் கடைக்குத் திரும்பினேன். அதுக்குள்ள பாய் கடையைப் பூட்டிட்டாரு. தோள்ல ஒரு துண்டு, கையில ஒரு கயித்துக் கட்டு.

கயிறு எதுக்கு பாய்னு கேட்டேன். மிஷினைக் கட்டறதுக்குன்னாரு. கடைசித் தவணை கட்டற வரைக்கும் மிஷின் கடையோடதுன்னு நோட்டுல எழுதி நானே கையெழுத்துப் போட்டிருக்கேனாம். கொழும்புல இருந்தா விட்டுடலாம், திண்டிவனம்தானே, சாயங்கால ரயில்லயே போய் எடுத்துக்கினு வந்துடறேன்னு ரொம்ப அன்பாச் சொன்னாரு. நான் கெஞ்சினேன். அவர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாரு.

ஸ்டேஷன் பிளாட்பாரத்துல யாரைப் பார்க்கக் கூடாதோ அவங்களையே பார்த்தேன். காலி கூடையோட கருவாட்டுக் கூடைக்காரம்மா.

"இன்னா வக்கீலம்மா, ரசீது கெடச்சுதா?"

பாய்தான் பதில் சொன்னாரு.

"ரசீது கெடைக்கலம்மா. நான்தான் கெடச்சேன்."

திண்டிவனம் வர்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் சட்டம் பேசல.

வீட்டு வாசல்ல எல்லாரும் தயாரா இருந்தாங்க. அமீன் முக்காலியில. நாயகம்மா படிக்கட்டுல, வெத்தலை மென்னுக்கினு. வெளியில ஒரு மாட்டு வண்டி வேற கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து, ரசீது எங்கன்னு கேட்டாரு. நான் பின்னாடி கையைக் காட்டினேன். பின்னாடி பாய் கயித்தோட நிக்கறாரு.

ஒரு கடன்காரரைச் சமாளிக்கப் போனவ இன்னொரு கடன்காரரைக் கூட்டிக்கினு வந்து நிக்கறா!

பாய் யாரையும் கேக்காம உள்ள போய் மிஷின் காலைப் பிடிச்சாரு. நாயகம்மா எழுந்து வந்து சக்கரத்தைப் பிடிச்சாங்க. இது எங்க ஜப்தி மிஷின்னு அவங்க. இது எங்க கடை மிஷின்னு இவரு. மிஷின் நடுவுல நின்னு கடகடன்னு ஆடுது. தையல் தெரிஞ்ச ஒரே ஆள் நான், நான் மட்டும் ஓரமா நின்னு பார்த்துக்கினு இருக்கேன்.

அமீன் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினாரு. பாய் நோட்டைக் காட்டினாரு. அமீன் எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் தன் காகிதத்துல எழுதியிருந்த தையல் மிஷினைக் கோடு போட்டு அடிச்சாரு.

"இது சாமுவேல் சொத்தும் இல்ல, அந்தம்மா சொத்தும் இல்ல. கடைக்காரர் சொத்து. இதுல நான் கை வைக்க முடியாது."

நான் அங்கயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். நல்லவேளை, கடன் கட்டாம இருந்தேன்! எங்கப்பா பண்ணின பித்தலாட்டம் மிஷினைக் காப்பாத்திடுச்சு.

நான் எழுந்திரிக்கறதுக்குள்ள பாய் கயித்தைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாரு.

கட்டறதுக்கு முன்னாடி ஒரு மரியாதைக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டாரு. பொண்டாட்டி பாக்கி பதினஞ்சு ரூபாதான், நீங்க குடுத்துட்டா நான் இப்படியே போயிடறேன்னாரு. எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தாரு. பாயைப் பார்த்தாரு. ரொம்பப் பணிவாச் சொன்னாரு.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவ வாங்கின கடனுக்கு நான் எப்டிங்க பொறுப்பு?"

பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க இன்னைக்கும் சரிதானேன்னாங்க.

அவர் குத்திக்காட்டறதுக்கு சொல்லல. குத்திக்காட்டியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது. நான் சொன்னதுல நியாயம் இருக்குன்னு நம்பி, அதை மனப்பாடம் பண்ணி வச்சிருந்து சொன்னாரு. அதுதான் சுருக்குன்னு தைச்சுது. அழுகையை அடக்க முடியல. அந்த மிஷின் போனா எனக்கு வேற என்ன இருக்கு?

அப்ப நாயகம்மா வெத்தலையைத் துப்பிட்டு வந்தாங்க. என் மேல இரக்கப்பட்டு வந்தாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க கணக்கு வேற.

"பாயி, கயித்தக் கீழ போடு. மிஷினு பூட்டா இவ எதுல சம்பாதிப்பா? மண்டிச் சம்பளத்த நம்பினா எனக்கு வட்டிகூட வராது. இந்த மிஷினு ஓடினாத்தான் என் துட்டு வரும். பதினஞ்சு தானே, நான் குடுக்கறேன்."

முந்தானை முடிச்சை அவுத்து, ரூபாய்களை ஒவ்வொண்ணா பாய் கையில வச்சாங்க. என் புருஷனோட கடன்காரி என் கடனை அடைச்சாங்க. அமீனே பென்சிலைக் கீழ வச்சுட்டுப் பார்த்தாரு.

சும்மா குடுத்துடுவாங்களா? வண்டியிலிருந்து ஒரு புது நோட்டுத்தாள் வந்துது. அவர் பழைய பாக்கி, என் பழைய பாக்கி, ரெண்டையும் சேர்த்து ஒரே புரோ நோட்டு. அதுல அவரும் கையெழுத்துப் போடணும், நானும் போடணும். முன் கடனுக்கு நான் பொறுப்பில்லன்னு எந்த வாசல்ல நின்னு கத்தினேனோ, அதே வாசல்ல உட்கார்ந்து, அவர் கடனுக்கும் என் கடனுக்கும் நானே பொறுப்புன்னு முத்து முத்தான எழுத்துல கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஆள் வேணும்னாங்க. ஜப்தி பண்ண வந்த அமீனே சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு, அன்னைக்கும் ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு.

பாய் அங்கயே உட்கார்ந்து ரசீதும் எழுதினாரு. காலையில இருந்து நான் அலைஞ்ச ரசீது! ஆசையா வாங்கிப் பார்த்தேன். பணம் குடுத்தவங்க பேர்லதான் ரசீது போடணுமாம். பெருமுக்கல் நாயகம்மான்னு எழுதியிருந்துது.

எல்லாரும் போனதும் நானும் அவரும் மிஷினுக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பிச்சேன். நீங்க கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கினு என்னை ஏமாத்தினீங்கன்னேன். நீயும் கடன் மிஷினை சீர்னு வச்சு ஏமாத்தினியேன்னு சொல்லுவாரு, நல்லா ஒரு சண்டை போடலாம்னு இருந்தேன்.

"மிஷினக் கல்யாணத்தன்னிக்குத்தான எஸ்தரு பார்த்தேன்? அதுக்கு மூணு மாசம் முன்னாடியே சரின்னு சொல்லிட்டேனே."

நான் சைக்கிளைப் பார்த்து சரின்னு சொன்னவ. அவர் என்னை மட்டும் பார்த்து சொன்னவரு. அன்னைக்குப் பட்ட அவமானம் எல்லாத்துலயும் பெருசு அதுதான். மனசு நிறைஞ்சதும் அதுலதான். அன்னைக்கு அவருக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சுக் குடுக்கலாம்னு பார்த்தேன். பொட்டலம் விழுப்புரத்துல, பூட்டின கடைக்குள்ள, பாய் மேஜை மேலயே இருக்கு.

அந்தக் கடன் தீர ரெண்டு வருஷமாச்சு. பெருமுக்கல்ல நாயகம்மா வீட்டுப் பொம்பளைங்க அந்த ரெண்டு வருஷம் போட்ட ரவிக்கை எல்லாம் என் கைவேலைதான். கூலி எல்லாம் வட்டியில போச்சு. எங்க வீட்டுக்காரர் மண்டியில இருந்து வந்ததும் பித்தான் தைக்க உட்காருவாரு. ஒருத்தர் கடனுக்கு ஒருத்தர் பொறுப்பில்லன்ன ரெண்டு பேரும் ராப்பகலா அதைத்தான் கட்டினோம். கடைசி ரூபாயைக் கட்டின அன்னைக்கு நாயகம்மாவை விழுப்புரத்துக்கே கூட்டிக்கினு போய், பாய் கையால ரசீதை என் பேருக்கு மாத்தி வாங்கினேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேல சுவத்துல மாட்டினேன்.

அடுத்த மாசம் என் நாத்தனாரைப் பொண்ணு பார்க்க ஒரு பையன் வந்தான். புது கோட்டு, புது கைக்கடியாரம், புது சைக்கிள். தெருமுனையிலிருந்தே மணி அடிச்சுக்கினு வந்தான். நாத்தனார் ஜன்னல்கிட்ட ஓடினா. நான் வாசலுக்கு ஓடினேன்.

காபி அப்புறம் குடிக்கலாம் தம்பி, முதல்ல சைக்கிள் ரசீதைக் காட்டுங்கன்னேன்.